ஹெச்.ஏ.பி. வகுப்பின் விதித்தாள்: எதைக் கண்டு அஞ்ச வேண்டும், எதைக் கண்டு வேண்டாம்

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ப்ளஸ் டூவில் கணிதமும் கணினி அறிவியலும் தமிழ்வழியில் படித்த உங்கள் மகள் பி.ஃபார்ம். என்ற மருந்தியல் பட்டப்படிப்பின் முதல் செமஸ்டரில் சேர்ந்திருக்கிறார். மனித உடற்கூறியலும் உடலியங்கியலும் சேர்ந்த ஹெச்.ஏ.பி. பாடத்தின் முதல் வகுப்பிலேயே இரண்டு பக்க விதித்தாள் ஒன்றைக் கொடுத்து, பெற்றோர் கையெழுத்துடன் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறார்கள். 80 சதவீத வருகை, எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பு, ஒரு வாரத்துக்குள் ரெக்கார்டு என்ற செய்முறைப் பதிவேடு, செய்முறை அறையில் கைபேசிக்குத் தடை, தன் விரலில் தானே குத்தி ரத்தம் எடுத்துப் பரிசோதனை என்று வரிசையாக அதில் இருப்பதைக் குறிப்பிட்டு, இவ்வளவு கண்டிப்பு எல்லாக் கல்லூரியிலும் உண்டா, இந்தக் கல்லூரியில் மட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்தில் கேட்டது அது. உயிரியலே படிக்காத பெண் இந்தப் பாடத்தைத் தாங்குவாளா, முதல் மாதத்திலேயே மனம் உடைந்துவிடுவாளா என்ற கேள்வி அதற்கு அடியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் ஒரு மருந்தியல் கல்லூரியில் இந்தப் பாடத்தை 22 ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். உங்கள் மகளின் கல்லூரி எது என்று எனக்குத் தெரியாது. சட்ட நுணுக்கம் பேசுவதற்கும் நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் இப்படிப்பட்ட விதித்தாள்களை எழுதியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும்: அதில் இருப்பவை எல்லாம் ஒரே இனத்து விதிகள் அல்ல. சில, நாடு முழுவதும் மருந்தியல் படிப்புகளை நெறிப்படுத்தும் இந்திய ஃபார்மசி கவுன்சில் வகுத்தவை. கல்லூரி முதல்வரே மனம் இரங்கினாலும் அவற்றைத் தளர்த்த முடியாது. சில, ரத்தமும் எலும்பும் அமிலமும் புழங்கும் அறைக்கென்றே ஏற்பட்டவை. மீதி, வகுப்பை ஒழுங்காக நடத்துவதற்காகக் கல்லூரி தானே எழுதிக்கொண்டவை. மூன்றையும் ஒரே எழுத்தில், ஒரே கடுமையில் அச்சிட்டுக் கொடுப்பதால்தான் வாசிக்கிறவருக்குக் கைபேசியும் வருகைப்பதிவும் ஒரே அளவு குற்றமாகத் தெரிகின்றன. எங்கள் துறையும் பல ஆண்டுகள் அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தது.

கவுன்சில் வகுத்தவற்றிலிருந்து தொடங்குகிறேன். நான் இங்கே சொல்வது பி.ஃபார்ம். படிப்புக்கான 2014ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் உள்ளபடி. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுபவை என்பதால், உங்கள் மகள் சேர்ந்த ஆண்டுக்குரிய விதிப்புத்தகத்தைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வருகை ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீதம் இருக்க வேண்டும்; வகுப்பறைப் பாடத்துக்குத் தனியாக, செய்முறைக்குத் தனியாக. இந்தத் 'தனியாக' என்ற சொல்லில்தான் பல மாணவர்கள் இடறி விழுகிறார்கள். முதல் செமஸ்டரில் ஹெச்.ஏ.பி. வகுப்பறைப் பாடம் 45 மணி நேரம். அதில் 9 மணி நேரம் வரை தவறினாலும் தாங்கும். செய்முறையோ வாரத்துக்கு ஒரு நாள், 4 மணி நேரம். பாடத்திட்டத்தில் உள்ள 15 செய்முறைகளை 15 வாரங்களில் முடிப்பதாக வைத்துக்கொண்டால், மூன்று நாள் வராதவருக்குச் சரியாக 80 சதவீதம் நிற்கும்; நான்காவது நாளும் தவறினால் 73 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு டெங்குக் காய்ச்சல், ஊரில் ஒரு திருவிழா, தம்பி அல்லது அக்காவுக்கு ஒரு விசேஷம் என்று மூன்று செவ்வாய்க்கிழமை போனால் முடிந்தது. ஆகவே செய்முறை நாள் எந்தக் கிழமை என்று வீட்டு நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்துவிட்டு, விசேஷங்களை அந்தக் கிழமைக்கு வெளியே பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் குறைந்த வருகையைச் சரிக்கட்டிவிடலாம் என்று மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அதை நம்பி விடுப்பு எடுக்க வேண்டாம். உண்மையிலேயே நோய் வந்தால், குணமாகி வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இராமல், படுத்த அன்றே துறைக்கு எழுத்தில் தெரிவிப்பது நல்லது.

வருகைக்கு இன்னொரு முகமும் உண்டு. 100 மதிப்பெண்ணில் 25 அகமதிப்பீடு. அந்த 25இல் 15, செமஸ்டரின் நடுவே கல்லூரி நடத்தும் செஷனல் தேர்வுகளுக்கு; 10 தொடர் மதிப்பீட்டுக்கு. அந்தப் பத்தில் 4 மதிப்பெண் வருகைக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது: 95 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 4, 90இலிருந்து 94 வரை 3, 85இலிருந்து 89 வரை 2, 80இலிருந்து 84 வரை 1. அதாவது தேர்வெழுதத் தகுதி கிடைத்தது என்று நிம்மதியாக இருக்கும் 80 சதவீத மாணவர், பக்கத்தில் இருப்பவரைவிட 3 மதிப்பெண் பின்னால் நின்றுகொண்டுதான் தேர்வு அறைக்குள் நுழைகிறார். தேர்ச்சி என்பது அகமதிப்பீடும் சேர்த்து 50 சதவீதம். 48, 49 என்று நின்று போன விடைத்தாள்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த 3 மதிப்பெண்தான் நினைவுக்கு வரும். 'மறுதேர்வு கிடையாது' என்று விதித்தாளில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். வாரந்தோறும் நடத்தும் சிறு தேர்வுகளுக்கு அது பொருந்தலாம். ஆனால் செஷனல் தேர்வில் ஒருமுறை மட்டும் மீண்டும் எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள அந்த ஒழுங்குவிதிகளிலேயே இடம் இருக்கிறது. அதைத் தாளில் ஏன் சேர்க்கவில்லை என்று துறைத் தலைவரிடம் பணிவாகக் கேட்கலாம், தவறில்லை.

தேர்வில் தவறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பற்றித் தேவையற்ற பயமும் தேவையற்ற அலட்சியமும் ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். முதல் செமஸ்டரில் அரியர் வைத்தால் அடுத்த செமஸ்டருக்குப் போவது நிற்காது. நான்காம் செமஸ்டர் தேர்வு வரை அரியர்களைச் சுமந்து போகலாம். ஆனால் முதல் இரண்டு செமஸ்டர்களின் எல்லாப் பாடங்களையும் முடிக்காமல் ஐந்தாம் செமஸ்டர் வகுப்பில் உட்கார முடியாது. ஹெச்.ஏ.பி. முதல் பாகம் முதல் செமஸ்டரிலும் இரண்டாம் பாகம் இரண்டாம் செமஸ்டரிலும் வருவதால், இரண்டுமே அந்தக் கதவுக்கு முன்னால் நிற்பவை. அதைவிடப் பெரிய இழப்பு வேறு: இரண்டாம் செமஸ்டரில் நோய்க்கூற்று உடலியங்கியலும், நான்காம் செமஸ்டரில் மருந்துகளின் செயல்பாட்டைக் கற்பிக்கும் ஃபார்மகாலஜியும் வந்துவிடும். நுரையீரலின் மூச்சுக்குழாய்களையும் இதயத்தையும் பரிவு நரம்புகள் எப்படி இயக்குகின்றன என்று முதல் செமஸ்டரில் படிக்காமல் விட்டவருக்கு, ஆஸ்துமா உள்ளவருக்குப் புரோப்ரனலால் என்ற இதய மருந்தை ஏன் கொடுக்கக் கூடாது என்பது வெறும் மனப்பாட வரியாகவே கடைசிவரை இருக்கும். மருந்துக்கடையில் நிற்கும்போது அந்த வரி உதவாது.

இனி உங்களுக்கு மிகவும் அநியாயமாகத் தோன்றிய விதிக்கு வருகிறேன்: எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பது. தமிழ்வழியில் படித்து வந்த பெண்ணிடம் ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கேட்பது கொடுமை அல்லவா என்று எழுதியிருந்தீர்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. நானும் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன்தான். ஆனாலும் இந்த விதியை நான் ஆதரிக்கிறேன், ஓர் எல்லைக்குள். இலியம் என்று ஒலிக்கும் சொற்கள் இந்தப் பாடத்தில் இரண்டு உண்டு. ஒன்று சிறுகுடலின் கடைசிப் பகுதி. மற்றது இடுப்பெலும்பின் மேல்பகுதி. ஆங்கிலத்தில் எழுதும்போது மூன்றாம் எழுத்து 'ஈ'யாக இருந்தால் குடல், 'ஐ'யாக இருந்தால் எலும்பு. வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவது குடலின் அந்தக் கடைசிப் பகுதியில். ஓர் எழுத்து மாறினால் அது எலும்பில் உறிஞ்சப்படுவதாக ஆகிவிடும். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் யுரேட்டரும், அந்தப் பையிலிருந்து வெளியே போகும் யுரீத்ராவும் இப்படித்தான். இத்தகைய இடங்களில் எழுத்துப்பிழை பொருள்பிழையாகவே ஆகிவிடுகிறது. நாளை மருந்துச் சீட்டில் ஒலி ஒத்த இரண்டு மருந்துப் பெயர்களைப் பிரித்தறிய வேண்டிய கண் பழகுவதும் இங்கேதான். ஆனால் பொருள் மாறாத சாதாரண ஆங்கில வாக்கியப் பிழைக்கு மதிப்பெண் குறைப்பதை நான் ஏற்கவில்லை. என் விடைத்தாள்களில் குறைப்பதும் இல்லை. உங்கள் மகளின் ஆசிரியர் எந்த வகைப் பிழையைச் சொல்கிறார் என்று முதல் மாதத்திலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும்.

செய்முறை அறையின் விதிகளைப் பொறுத்தவரை என்னிடம் இரக்கமே கிடையாது. வெள்ளைக் கோட்டு, மூடிய காலணி, முடித்துக் கட்டிய கூந்தல், உள்ளே தின்பண்டமோ தண்ணீர்ப் புட்டியோ கூடாது என்பவை எல்லாம் எங்கும் உள்ளவை. பேரம் பேச வேண்டாம். வாயால் எதையும் உறிஞ்சக் கூடாது என்ற விதி அந்தத் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் மாணவனாக இருந்தபோது சிவப்பணுக்களை எண்ணுவதற்கான பிப்பெட் என்ற அளவுக் கண்ணாடிக் குழலில் ரப்பர் குழாயை மாட்டி, ரத்தத்தை 0.5 கோடு வரைக்கும், அதன்மேல் ஹேயம் கரைசலை 101 கோடு வரைக்கும் வாயால் உறிஞ்சித்தான் எடுத்தோம். அப்போதுதான் ரத்தம் 200 மடங்கு நீர்த்துப்போகும். ஹேயம் கரைசலில் இருப்பவற்றில் ஒன்று மெர்க்குரிக் குளோரைடு, கடும் நஞ்சு. கொஞ்சம் வேகமாக உறிஞ்சி, உதட்டில் உலோகச் சுவை பட்டு, காறித் துப்பிவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்ற நாள் எனக்கு நினைவிருக்கிறது. இன்று ரப்பர்க் குமிழும் மைக்ரோபிப்பெட்டும் எளிதாகக் கிடைக்கின்றன. இன்னும் எங்காவது வாயால் உறிஞ்சச் சொன்னால், உங்கள் மகள் மறுப்பதற்கு முழு நியாயம் உண்டு.

ரத்தம் எடுப்பது குறித்து நீங்கள் கேட்டது முக்கியமான கேள்வி, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதல் செமஸ்டரின் 15 செய்முறைகளில் ரத்தம் தேவைப்படுபவை பாதிக்குக் கொஞ்சம் குறைவு: வெள்ளணு எண்ணிக்கை, சிவப்பணு எண்ணிக்கை, ரத்தக்கசிவு நேரம், உறைதல் நேரம், ஹீமோகுளோபின், ரத்த வகை, ரத்த அணுக்கள் படியும் வேகம். கடைசியதைத் தவிர மற்றவற்றுக்கு விரல்நுனியிலிருந்து வரும் சில துளிகளே போதும். ஹீமோகுளோபினுக்கு சாலி முறையில் தேவைப்படுவது 0.02 மில்லிலிட்டர். உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது; இந்த அளவால் யாரும் பலவீனமாகிவிட மாட்டார்கள். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஒருவருக்குக் குத்திய லான்செட்டை, அதாவது விரல் குத்தும் சிறு ஊசியை, இன்னொருவருக்குக் குத்தக் கூடாது. அந்த ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடுத்தவருக்குக் குத்துவதும் கூடாது. ஒரு விரலுக்கு ஒரு புதிய லான்செட், பிரித்த உறை கண்ணெதிரே. குத்தியதும் அது 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகள் சொல்கிறபடி குத்தினாலும் துளைபடாத வெள்ளைக் கலனுக்குள் போக வேண்டும். ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பைக்குள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை மூன்று தவணையாக, முதல் ஊசியிலிருந்து ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும் போடுவது வழக்கம். உங்கள் மகள் போட்டிருக்கிறாரா என்று பழைய அட்டையைப் பாருங்கள். இல்லையென்றால் இப்போதே தொடங்குங்கள். கல்லூரி கேட்காவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

தன் ரத்தத்தைக் கொடுத்தே ஆக வேண்டுமா என்றால், என் தீர்ப்பு: வேண்டாம் என்று சொல்ல மாணவருக்கு உரிமை இருக்க வேண்டும். பாடத்திட்டம் கேட்பது அளவிடும் திறனை. அந்தத் துளி யாருடைய விரலிலிருந்து வந்தது என்பதை அது கேட்பதில்லை. ரத்தம் உறையாத குறைபாடு குடும்பத்தில் இருந்தாலோ, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிட்டாலோ, முன்பு ஊசியைக் கண்டு மயங்கி விழுந்த அனுபவம் இருந்தாலோ, அதை முன்கூட்டியே ஆசிரியரிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் போடப்போகும் பெற்றோர் கையெழுத்து மற்ற விதிகளுக்குச் சரி. ரத்தம் கொடுப்பதற்கான ஒப்புதலை 18 வயதான பெண்ணிடம் அன்றைக்கே, அவர் வாயாலேயே கேட்பதுதான் முறை என்று நான் நினைக்கிறேன். எல்லாத் துறைகளும் அப்படிக் கேட்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எந்த விதித்தாளிலும் நான் பார்க்காத, ஆனால் இருக்க வேண்டிய விதி ஒன்று உண்டு: பரிசோதனையின் முடிவு அந்த மாணவருக்கு உரியது. எண்களைக் கரும்பலகையில் பெயரோடு எழுதிப் போடும் பழக்கம் எங்களிடம் இருந்தது. ஒரு பெண்ணின் ஹீமோகுளோபின் 8 என்று எழுதப்பட்ட அன்று வகுப்பு அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையைக் கண்ட பிறகு நிறுத்திவிட்டேன். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே, ஆண்களுக்கு 13க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகக் கொண்டுள்ள அளவு. ஆனால் சாலி முறை பழுப்பு நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை. அமிலம் கலந்து பத்து நிமிடம் காத்திருக்காமல் அவசரப்பட்டாலோ, முதல் துளியைத் துடைக்காமல் விட்டாலோ, விரலைப் பிழிந்து எடுத்தாலோ எண் இறங்கிவிடும். ஆகவே வகுப்பில் 9 என்று வந்தால் அழவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆய்வகத்திலோ முறையாகப் பார்த்துவிடுங்கள். ரத்த வகையும் அப்படித்தான். தந்தை ஏபி, மகள் ஓ என்று, வழக்கமாக அமையாத பொருத்தம் வகுப்பில் தெரியவந்து ஒரு வீட்டில் தேவையில்லாத குழப்பம் ஏற்பட்டதை அறிவேன். அத்தகைய நேரங்களில் பெரும்பாலும் பழைய அட்டையில் இருப்பதோ வகுப்பில் பார்த்ததோ தவறாக இருக்கும்; 1952இல் மும்பையில் கண்டறியப்பட்டு 'பாம்பே வகை' என்று பெயர்பெற்ற அரிய ரத்தம்கூட சாதாரணப் பரிசோதனையில் ஓ என்றுதான் காட்டும். ஓட்டுநர் உரிமத்திலோ அடையாள அட்டையிலோ எழுதுவதற்கு வகுப்பறை முடிவை எடுத்துக்கொள்ளவே கூடாது.

எலும்புகளைப் பற்றியும் கைபேசியைப் பற்றியும் சேர்த்துச் சொல்லிவிடலாம். மருத்துவக் கல்லூரி போல இங்கே சடலத்தை அறுத்துப் படிப்பது கிடையாது. அந்த அச்சம் இருந்தால் விட்டுவிடுங்கள். மாதிரிகள், வரைபடங்கள், நுண்ணோக்கிச் சில்லுகள், எலும்புத் தொகுதி ஆகியவைதான். ஆனால் பழைய துறைகளில் இருக்கும் எலும்புகள் பல, பிளாஸ்டிக் அல்ல, உண்மையானவை. மனித எலும்புகளை வெளிநாடுகளுக்கு அனுப்புவதை இந்தியா 1985இல் தடை செய்யும் வரை, உலகின் மருத்துவக் கல்லூரிகளுக்கு எலும்புக்கூடுகள் பெருமளவில் இங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தன. யாருடைய உடல்கள், யார் சம்மதம் தந்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை. உங்கள் மகள் கையில் எடுக்கப்போகும் தொடையெலும்பும் அப்படிப் பெயர் இழந்த ஒருவருடையதாக இருக்கலாம். அதில் பேனாவால் கோடு போடாதே, மண்டையோட்டுக்குக் கண்ணாடி மாட்டிப் படம் எடுக்காதே என்று சொல்வது வெறும் ஒழுங்குக்காக அல்ல. கைபேசித் தடையில் நான் முழு மனதோடு இல்லை. நுண்ணோக்கியில் தெரிவதைப் படம் பிடித்து இரவில் திருப்பிப் பார்ப்பது மிகவும் பயன்படும். அனுமதி கேட்டு, ஆட்களும் எலும்பும் படாமல், சில்லை மட்டும் எடுக்க விடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

ரெக்கார்டை ஒரு வாரத்தில் தர வேண்டும், பத்து நிமிடம் தாமதமானால் வருகை கிடையாது, பென்சிலால்தான் வரைய வேண்டும் என்பவை கல்லூரி தானே எழுதிக்கொண்டவை. ஊருக்கு ஊர் மாறும். இவற்றில் ரெக்கார்டு விதியை மட்டும் மதியுங்கள், செய்முறை அகமதிப்பீட்டில் ரெக்கார்டுக்கும் வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்குமாக 3 மதிப்பெண் இருக்கிறது. ஓவியத் திறமை யாருக்கும் தேவையில்லை. இடது, வலது என்பது எப்போதும் படத்தில் இருப்பவருடைய இடது, வலது, பார்க்கிறவருடையது அல்ல. இதை மறந்து இதயத்தின் இடது கீழறையை மாற்றி வரைந்த அழகான படங்களுக்குச் சுழியம் போட்டிருக்கிறேன்.

இப்போது உங்கள் உண்மையான கேள்வி. உயிரியல் படிக்காதவர் தாங்குவாரா? பி.ஃபார்ம். சேர்க்கைக்கு இயற்பியல், வேதியியலோடு கணிதமோ உயிரியலோ இருந்தால் போதும் என்று வைத்தவர்களே, கணிதப் பிரிவிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் செமஸ்டரில் ரெமடியல் பயாலஜி என்ற பாடத்தையும் வைத்திருக்கிறார்கள். அதே மணியில் உயிரியல் பிரிவிலிருந்து வந்தவர்கள் ரெமடியல் கணித வகுப்பில் திணறிக்கொண்டிருப்பார்கள் என்பது ஒரு சிறு ஆறுதல். குறை என்னவென்றால், ரெமடியல் பாடம் ஹெச்.ஏ.பி.க்கு முன்னால் வருவதில்லை, கூடவே ஓடுகிறது. செல், திசு என்று ஹெச்.ஏ.பி. முதல் அலகு தொடங்கும்போது உங்கள் மகள் எதுவும் இல்லாமல்தான் உட்கார்ந்திருப்பார். அந்த முதல் ஐந்து வாரங்கள் கடினமானவை. இதை மறைக்க மாட்டேன். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு உயிர் விலங்கியல் பாடநூல்களைத் தமிழ்வழியிலேயே வாங்கி, மனித உடல் தொடர்பான பாடங்களை மட்டும் கதை போலப் படிக்கச் சொல்லுங்கள். கருத்து தமிழில் உட்கார்ந்துவிட்டால் ஆங்கிலச் சொல் வெறும் பெயர்ப்பலகைதான்; கருத்தையும் சொல்லையும் ஒரே இரவில் ஆங்கிலத்தில் விழுங்க முயன்றவர்களே அதிகம் திணறியதைப் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு கணிதம் படித்தவருக்கு ஒரு காலம் வரும். ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இறைக்கிறது என்பதை உயிரியல் மாணவர் மனப்பாடம் செய்வார். இவர் பெருக்கிப் பார்ப்பார். குழாயின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும், ஏனென்றால் தடை ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது என்று கரும்பலகையில் எழுதும்போது, நுண்தமனிகள் சற்றே சுருங்கினாலும் ரத்த அழுத்தம் ஏன் எகிறுகிறது என்பது கணிதப் பிரிவு மாணவர்களின் முகத்தில்தான் முதலில் தெளியும். உடற்கூறியலில் பெயர்கள் அதிகம், நினைவாற்றல் வேண்டும். உடலியங்கியல் காரணம் கேட்கும் பாடம். இது ஏறினால் அது ஏன் இறங்குகிறது என்று அம்புக்குறி போட்டுச் சொல்லத் தெரிய வேண்டும். விதித்தாளில் எழுதாத எதிர்பார்ப்பு இதுதான், வைவாவில் நாங்கள் தேடுவதும் இதைத்தான்.

தேர்வைப் பற்றி ஒன்று மட்டும். 75 மதிப்பெண் தாளில் பத்து மதிப்பெண் வினாக்கள் மூன்றில் இரண்டு, ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஒன்பதில் ஏழு, மீதி 20 மதிப்பெண் சிறு வினாக்கள். ஏறக்குறைய பாதி மதிப்பெண், அதாவது 35, ஐந்து மதிப்பெண் வினாக்களில் இருக்கிறது. மூத்த மாணவர்கள் கைமாற்றித் தரும் 'முக்கியமான பத்துக் கேள்வி' பட்டியல் நெடுவினாவுக்கு உதவலாம். இந்த ஏழு வினாக்களுக்கு உதவாது, அவை எந்த மூலையிலிருந்தும் வரும். வகுப்பு நடந்த அன்று மாலையே அரைமணி நேரம், படத்தை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து வரைந்து பெயர் எழுதிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. தனிப்பயிற்சி தேவையா என்று கேட்டிருந்தீர்கள். முதல் செஷனல் முடியும் வரை வேண்டாம். அந்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, முதலில் பாட ஆசிரியரிடமே போகச் சொல்லுங்கள். தமிழில் கேட்டால் தமிழில் சொல்லித்தர மறுக்கும் ஆசிரியரை நான் அதிகம் பார்த்ததில்லை.

தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். ரத்தம் எடுக்கும் செய்முறை என்றைக்கு என்று மட்டும் மகளிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று காலை இட்லியோ பழையதோ, எதுவானாலும் சாப்பிட வைத்து அனுப்புங்கள். என் வகுப்பில் மயங்கி விழுந்தவர்களில் பெரும்பாலோர் ஊசிக்குப் பயந்தவர்கள் அல்லர். பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் வெறும் வயிற்றோடு வந்தவர்கள்.